எலியின் நாவும் மனிதனின் கணையமும்

ஆக்லாந்து துறைமுகப் பாலத்துக்கு வடக்கே, ஆல்பனியில் இருக்கிறது மாஸி பல்கலைக்கழகத்தின் வளாகம். அங்கே 50க்கும் மேற்பட்டோருக்குப் புதினா மணக்கும் வில்லை ஒன்றைச் சப்பக் கொடுத்து, பிறகு சாக்லேட்டை நீட்டி, எவ்வளவு தின்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். பாலத்துக்குத் தெற்கே, நகர மையத்தில் உள்ள ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில், மனித மரபணு ஒன்றைச் சுமந்த சுண்டெலிகளுக்குத் தாவரச் சேர்மம் ஒன்றை வாய்வழியே கொடுத்து, நீரிழிவு முற்றிச் சாகும் நாள் தள்ளிப்போகிறதா என்று பார்த்தார்கள். வில்லையில் இருந்தவை சிறுகுறிஞ்சான் இலையின் ஜிம்னெமிக் அமிலங்கள். அந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. சுண்டெலிகளுக்குக் கிடைத்தது ரூட்டின். அந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஊர் ஒன்று, நோய் ஒன்று, இரண்டும் செடியிலிருந்து வந்தவை. இதற்கு மேல் இவற்றுக்குள் உறவு இருக்குமென்று முதல் பார்வையில் தோன்றாது. அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான், இரண்டு கதைகளும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பது தெரிகிறது.

வேதியியலில் இரண்டும் வெவ்வேறு குடும்பம். ஜிம்னெமிக் அமிலங்கள் சப்போனின் வகை. பல அமிலங்களின் கூட்டத்துக்கே அந்தப் பெயர். ரூட்டின் ஃபிளேவனாய்டு வகை. ஒற்றைச் சேர்மம், குவர்செட்டினோடு இரட்டைச் சர்க்கரை ஒன்று பிணைந்த மூலக்கூறு. முன்னதற்குத் தாய்க்கொடி ஒன்றே. பின்னது பக்வீட் தானியத்திலும் ஆப்பிள் தோலிலும் எலுமிச்சை இனத்திலும் விரவிக் கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அது முதலில் பிரித்தெடுக்கப்பட்டதோ அருவதாவிலிருந்து. நம் பாட்டிமார் பிள்ளை வைத்தியத்துக்குப் பயன்படுத்திய அதே செடி. ஆக, மருந்துப் பெட்டியில் இவை பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தவைதாம். ஆராய்ச்சிக்கூடத்துக்குள் நுழைந்த வாசல்கள்தாம் வேறு.

சிறுகுறிஞ்சானின் பயணம் விளைவிலிருந்து காரணத்துக்கு. இலையை மென்றபின் வாயில் போட்ட சீனி மணலாகிவிடும் என்பது கொடி படரும் ஊர்களில் சிறுவர்களுக்கும் தெரிந்த வேடிக்கை. 1847இல் எட்ஜ்வொர்த் என்ற தாவரவியலார் அதை ஐரோப்பிய அறிவுலகுக்கு எழுதிக் காட்டினார். 1887இல் உதகமண்டலத்தில் மதராஸ் அரசின் சின்கோனா ஆய்வாளராக இருந்த டேவிட் ஹூப்பர், இலையிலிருந்து அந்த அமிலத்தைப் பிரித்து, ‘நேச்சர்’ இதழில் எழுதினார். கொய்னாவின் கசப்போடு நாள்தோறும் மல்லுக்கட்டிய அதிகாரியின் மேசைக்கே இனிப்பைக் கொல்லும் இலை போய்ச் சேர்ந்தது வரலாற்றின் சின்னக் குறும்பு. விளைவு கையில் இருந்தது. அது எப்படி நிகழ்கிறது என்பதற்கு விடை கிடைக்க மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

ரூட்டினின் பயணம் காரணத்திலிருந்து விளைவுக்கு. நீரிழிவால் இறந்தவர்களின் கணையத்தில், லாங்கர்ஹான்ஸ் திட்டுகளுக்குள் கண்ணாடி போன்ற ஒரு படிவம் இருப்பதை யூஜின் ஓப்பி 1901இலேயே விவரித்திருந்தார். அது எதனால் ஆனது என்று தெரிய 80 ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. நியூசிலாந்துக்காரரான கார்த் கூப்பர், ஆக்ஸ்ஃபோர்டில் பணிபுரிந்தபோது, 1987இல் சக ஆய்வாளர்களோடு அந்தப் படிவத்திலிருந்து 37 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடைப் பிரித்தார். ஸ்வீடனில் பெர் வெஸ்டர்மார்க்கின் குழுவும் ஏறத்தாழ அதே காலத்தில் அதையே கண்டது. இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களே இன்சுலினோடு சேர்த்து இதையும் சுரக்கின்றன. அமிலின் என்று பெயர் பெற்ற இந்தப் பெப்டைடு, மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டுச் சேரும்போது, தன்னைச் சுரந்த செல்லையே கொல்கிறது. கூப்பர் ஆக்லாந்துக்குத் திரும்பி ஆய்வகம் அமைத்தார். காரணம் கையில் இருந்தது. அதைத் தடுக்கும் பொருளைத்தான் தேட வேண்டியிருந்தது. 2010இல் அவர் குழு டெட்ராசைக்ளினைக் கொடுத்துச் சுண்டெலிகளில் நீரிழிவைத் தாமதப்படுத்தியது. ஆனால் ஆண்டுக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லியை விழுங்கச் சொல்ல எந்த மருத்துவர் துணிவார்? மென்மையான ஒன்று வேண்டும். அந்த இடத்தில் வந்து நின்றது ரூட்டின். ஜாக்குலின் எய்ட்கன், கெரி லூம்ஸ், கூப்பர் முதலானோரின் 2017ஆம் ஆண்டுக் கட்டுரை இந்தத் தேடலின் ஒரு கட்டம்.

இலை தன் காரணத்தைத் தேடிப் போனது ஒரு கதை. காரணம் தன் இலையைத் தேடிப் போனது மற்றொன்று.

இனி, இரண்டும் என்னதான் சாதித்திருக்கின்றன என்று பார்ப்போம். சிறுகுறிஞ்சானின் வலுவான சான்றுகள் ஆக்லாந்தில் இல்லை, சென்னையில் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் இ. ஆர். பி. சண்முகசுந்தரத்தின் குழு, ஜிஎஸ்4 என்று பெயரிட்ட இலைச்சாற்றை நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் கொடுத்துப் பார்த்து, 1990இல் அடுத்தடுத்துக் கட்டுரைகள் வெளியிட்டது. இரண்டாம் வகை நீரிழிவு கொண்ட 22 பேர், வழக்கமான மாத்திரைகளோடு சேர்த்து 18 முதல் 20 மாதம் இதை உண்டார்கள். சர்க்கரை இறங்கியது, மாத்திரை அளவைக் குறைக்க முடிந்தது, 5 பேர் மாத்திரையை விட்டே வாழ முடிந்தது. முதல் வகை கொண்ட 27 பேருக்கு ஊசியில் போடும் இன்சுலினின் அளவு குறைந்தது. குறைந்தது என்றுதான் கட்டுரை சொல்கிறது. இன்சுலினை நிறுத்திவிடலாம் என்று அது சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை விழுங்கிவிட்டுப் பேசும் விளம்பரங்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

ரூட்டினின் சான்றுகள் வேறு தரத்தவை. ஆக்லாந்துக் குழு முதலில் சோதனைக் குழாயில், ரூட்டின் மனித அமிலினோடு பிணைவதையும், மடிப்புக் குலைவதைத் தடுப்பதையும், ஏற்கெனவே சேர்ந்த சிறு கூட்டுகளைப் பிரித்துவிடுவதையும் காட்டியது. பிறகு சுண்டெலிகளிடம் போனது. ரூட்டின் பெற்றவற்றில் இரத்தச் சர்க்கரை குறைந்தது, உடல் எடை நிலைத்தது, நோய்க்குறி தோன்றியதிலிருந்து மரணம் வரையிலான காலம் நீண்டது. மூலக்கூறிலிருந்து உயிரி வரை படிப்படியாக ஏறும் இந்த ஒழுங்கு சென்னைக் கட்டுரைகளில் இல்லை. சென்னைக் கட்டுரைகளில் இருந்த நோயாளிகளோ ஆக்லாந்தில் இல்லை.

இரண்டு குழுக்களும் விரும்பியது ஒன்றே: பீட்டா செல்லின் உயிர். இதை நான் எதிர்பார்க்கவில்லை. நாவில் வேலை செய்யும் இலையை ஆராய்ந்த தரமணிக் குழு, நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளின் கணையத்தை அறுத்துப் பார்த்தபோது, திட்டுகளின் எண்ணிக்கையும் பீட்டா செல்களின் எண்ணிக்கையும் இரட்டித்திருந்ததாகப் பதிவு செய்தது. செத்த செல் மீளுமா என்பது அவர்கள் கேள்வி. இருக்கிற செல் சாகாமல் தப்புமா என்பது கூப்பர் குழுவின் கேள்வி. நடைமுறையில் நம் மாத்திரைகளுள் பலவும் இரத்தத்தில் ஏறிய சர்க்கரையை எப்படியாவது இறக்கும் வேலையைச் செய்பவை. இந்த இரண்டு தாவரக் கதைகளும் அதற்கு ஒரு படி முன்னே போய், சர்க்கரை ஏறுவதற்குக் காரணமான இழப்பின்மீது கை வைக்க முயன்றன.

இப்போது அந்த முடிச்சு.

ஜிம்னெமிக் அமிலம் மனித நாவில் இனிப்பை அணைக்கிறது. சிம்பன்சியின் நாவிலும் அணைக்கிறது. சுண்டெலியிடம் அது பலிப்பதில்லை. இனிப்பை உணரும் ஏற்பி இரண்டு புரதங்கள் சேர்ந்த இணை. அவற்றுள் ஒன்றின், செல் சவ்வுக்குள் புதைந்த பகுதியில் போய் ஜிம்னெமிக் அமிலம் ஒட்டுகிறது என்று 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தப் பகுதியின் அமைப்பு மனிதனில் ஒருவிதம், எலியில் வேறுவிதம். இதில் வியப்பு இன்னும் முடியவில்லை. அதே கொடியின் அதே இலையில் குர்மாரின் என்றொரு பெப்டைடும் இருக்கிறது. 35 அமினோ அமிலங்கள் கொண்டது. அது எலிகளின் நாவில் இனிப்பை அடக்குகிறது. மனிதனைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஒரே இலை, மேயும் வாய்க்கு ஏற்ப வெவ்வேறு ஆயுதம் வைத்திருக்கிறது.

அமிலினைப் பாருங்கள். மனித அமிலின் ஒட்டிக் கூட்டுச் சேர்கிறது. பூனையின் அமிலினும் அப்படியே, பூனைக்கும் நீரிழிவு வருகிறது. எலியின் அமிலின் ஒட்டுவதே இல்லை. 25, 28, 29 ஆகிய இடங்களில் எலிக்கு புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அந்த முறுக்கான மூலக்கூறு இருக்கும்போது இழைகள் அடுக்கடுக்காகச் சேர முடியாது. மனிதனுக்கு அந்த இடங்களில் அலனினும் செரினும். இந்தப் பாடத்தை எலியிடமிருந்து கடன் வாங்கித்தான், அதே மூன்று இடங்களில் புரோலினைப் பதித்த பிராம்லின்டைடு என்ற ஊசி மருந்து 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சாதாரணச் சுண்டெலியில் ரூட்டினைச் சோதிப்பதில் பொருளில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். தடுப்பதற்கு அங்கே நோயே இல்லை. எனவேதான் மனித அமிலின் மரபணுவைச் சுண்டெலிக்குள் புகுத்த வேண்டியிருந்தது.

நாவில் ஓர் ஏற்பி, கணையத்தில் ஒரு பெப்டைடு. இரண்டு இடத்திலும் மனிதனுக்கும் எலிக்கும் நடுவே சில அமினோ அமிலங்கள் அகலமுள்ள வாய்க்கால் ஓடுகிறது. ஆய்வகங்கள் அதை எப்படித் தாண்டின என்பதில்தான் வேறுபாடு. ஆக்லாந்து நகர மையக் குழு எலியை மனிதன் பக்கம் கொண்டுவந்தது. ஆல்பனிக் குழு எலியை விட்டுவிட்டு நேராக மனிதனிடம் போனது. தரமணிக் குழு இரண்டு கரையிலும் கால் வைத்தது; ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற வேதிப்பொருளால் பீட்டா செல்கள் அழிக்கப்பட்ட எலிகளில் அது கண்ட மறுபிறப்பு, மனித நோயாளிகளின் கணையத்திலும் நிகழ்ந்ததா என்று அறுத்துப் பார்க்க வழியில்லை. வேதிப்பொருளால் ஒரே நாளில் கருகிய திட்டும், அமிலின் ஆண்டுக்கணக்கில் அரித்த திட்டும் ஒன்றல்ல. இந்த ஒரு காரணத்துக்காகவே, எலி முடிவுகளை நாளிதழ்த் தலைப்பாக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும் என்பேன்.

இன்னொரு சந்திப்பு செல்லின் சவ்வில் நிகழ்கிறது. இங்கே ஜிம்னெமிக் அமிலமும் ரூட்டினும் எதிரெதிர் அணியில் நிற்கின்றன. சப்போனின்கள் சோப்பைப் போல நுரைப்பவை, கொழுப்புச் சவ்வை இளக்குபவை. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 1999இல் செய்த ஆய்வு, ஜிஎஸ்4 சாறு பீட்டா செல்லிலிருந்து இன்சுலினை வெளிவரச் செய்வது, சவ்வின் கசிவை அதிகமாக்குவதால்தான் என்று சுட்டியது. சுரக்கச் செய்வதற்கும் ஒழுகச் செய்வதற்கும் உள்ள வேறுபாடு நோயாளிக்குச் சின்னதல்ல. அதே குழுவினர் 2010இல், வேறு முறையில் பிரித்த சிறுகுறிஞ்சான் சாறு மனிதத் திட்டுகளில் செல்களைச் சேதப்படுத்தாமலே இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது என்றும் காட்டினார்கள். ஆக, பழி இலையின் மேல் இல்லை, பிரித்தெடுக்கும் முறையின் மேல் இருக்கலாம். மறுபுறம், மனித அமிலினின் சிறு கூட்டுகள் கொல்லும் வழிகளுள் ஒன்று இதே சவ்வில் துளையிடுவது. ரூட்டின் அந்தக் கூட்டுகளைக் கலைத்து, துளை விழுவதற்கு முன்பே காக்கப் பார்க்கிறது. முன்னது மதிலைத் தளர்த்தும் இனம். பின்னது மதிலைக் காக்கும் இனம். இரண்டையும் ஒரே மாத்திரையில் கலந்து விற்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

உடலுக்குள் போகும் வழியிலும் இதே எதிரெதிர் ஒழுங்கு. ஜிம்னெமிக் அமிலம் நாவிலேயே வேலையை முடித்துவிடும். அரைமணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும் அதன் பிடி பிறகு தானே தளரும். இனிப்பு ஏற்பிகள் குடலிலும் இருப்பதால் அங்கேயும் அதற்கு வேலை இருக்கலாம். ரூட்டினுக்கு நாவில் வேலையில்லை. கணையம்வரை பயணம் செய்தாக வேண்டும். அந்தப் பயணம் கடினமானது. சிறுகுடல் அதை அப்படியே உறிஞ்சுவதில்லை. பெருங்குடல் நுண்ணுயிரிகள் சர்க்கரையைக் கழற்றிக் குவர்செட்டினாக்கி, அதையும் மேலும் சிதைக்கின்றன. தாவரத்திலிருந்து மருந்தான முன்னோர்களும் இதே மேட்டில் மூச்சு வாங்கியவர்களே. ஆப்பிள் மர வேர்ப்பட்டையில் 1835இல் கண்ட ஃப்ளோரிசின் குடலில் உடைந்துபோனது. வேதியியலர்கள் அதன் அமைப்பை மாற்றிய பிறகே இன்றைய கிளிஃப்ளோசின் மருந்துகள் பிறந்தன. அவற்றுள் எம்பாகிளிஃப்ளோசினுக்கு நியூசிலாந்து அரசு 2021இல் நிதியளிக்கத் தொடங்கியது. தகுதி விதிகளில் மாவோரி, பசிபிக் மக்களுக்குத் தனி இடமும் உண்டு. கலேகா செடியின் கலேஜின் நஞ்சாயிருந்தது. அதன் உறவான மெட்ஃபார்மின் 1957இல் ழான் ஸ்டெர்னின் கையில் மருந்தானது. பட்டையும் செடியும் அப்படியே மாத்திரையாகிவிடவில்லை. ஜிம்னெமிக் அமிலத்துக்கோ ரூட்டினுக்கோ அப்படிப்பட்ட வேதியியல் மாற்றுருவம் இன்னும் மருந்துக்கடை அலமாரியை எட்டவில்லை.

சட்டத்தின் கண்ணில் என்ன நிலை? சென்னையில் சிறுகுறிஞ்சான் சூரணம் சித்த மருந்து; நோயின் பெயரைச் சொல்லியே விற்கப்படுகிறது. ஆக்லாந்தில் அது 1985ஆம் ஆண்டு விதிகளின்படி உணவுத் துணைப்பொருள். நீரிழிவைக் குணமாக்கும் என்று சீட்டில் அச்சிட முடியாது. ரூட்டினுக்கும் அங்கே அதே நாற்காலிதான். இந்த விதி நுகர்வோரைக் காக்கிறது. கூடவே, நோய்க்குப் பயன்படும் என்று நிறுவுவதில் உற்பத்தியாளருக்கு இருக்கக்கூடிய ஆசையையும் குறைத்துவிடுகிறது. காப்புரிமை பெற முடியாத இலைக்கு யார் பெருஞ்செலவில் சோதனை நடத்துவார்கள்?

அந்தச் சோதனையே இரண்டுக்கும் விநோதமான தடைகளை வைத்திருக்கிறது. மருந்தை உண்டவருக்கும் போலி மருந்தை உண்டவருக்கும் தாம் எதை உண்டோம் என்று தெரியக்கூடாது என்பது விதி. ஆல்பனியில் போலி வில்லையும் கொடுத்தார்கள்; ஆனால் உண்மையான வில்லையைச் சப்பியவருக்குச் சாக்லேட் மண்ணாகத் தோன்றிய அந்த நொடியில் இரகசியம் உடைந்துவிடும். அவர்கள் சாக்லேட்டை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைத்துத் தின்றதில் நாவுக்கு எத்தனை பங்கு, மனத்துக்கு எத்தனை பங்கு என்று பிரிப்பது எளிதல்ல. ஜிம்னெமிக் அமிலத்தால் தன்னை ஒளித்துக்கொள்ள முடியாது. ரூட்டினுக்கு நேர்மாறான சங்கடம். அது வேலை செய்கிறதா என்று அறிய, உயிரோடிருப்பவரின் கணையத் திட்டில் அமிலின் கூட்டுகள் குறைந்தனவா என்று பார்க்க வேண்டும். மருத்துவமனையில் வழக்கமாகச் செய்யும் எந்தப் பரிசோதனையும் அதைக் காட்டாது. சர்க்கரை அளவு என்ற மறைமுகச் சான்றை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முன்னது மறைய மறுக்கிறது, பின்னது தெரிய மறுக்கிறது.

இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் உண்டு என்றால் எதற்குக் கொடுப்பது? அறிவியலின் அழகைப் பார்த்தால் ரூட்டினுக்குத்தான் கொடுக்கத் தோன்றும். நோயின் வேரில் கை வைக்கும் கருதுகோள் அது. ஆனால் என் வாக்கு சிறுகுறிஞ்சானுக்கு. ரூட்டின் இன்னும் ஆய்வகத்தின் சொத்து; தாமதித்தால் யாருக்கும் உடனடி நட்டமில்லை. சிறுகுறிஞ்சானை மக்கள் இப்போதே உண்டுகொண்டிருக்கிறார்கள், மெட்ஃபார்மினோடும் இன்சுலினோடும் சேர்த்து, பல வேளைகளில் மருத்துவரிடம் சொல்லாமலே. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் அபாயம் அதில் உண்டு. கல்லீரல் பாதிக்கப்பட்டதாக ஒரு நோயாளியின் நிலையும் 2010இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. தரமணியில் நோயாளிகள் இருந்தார்கள், ஆனால் போலி மருந்து இல்லை, குலுக்கல் முறையில் பிரிக்கவும் இல்லை. ஆல்பனியில் போலி மருந்து இருந்தது, நீரிழிவாளர்கள் இல்லை. இந்த இரண்டையும் ஒருங்கே வைத்து நடத்துவதற்கு, மாவோரிகளும் பசிபிக் தீவினரும் தெற்காசியரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும், மூவரிடமும் இந்நோய் மிகுந்த தெற்கு ஆக்லாந்தைவிடப் பொருத்தமான இடம் அமைவது அரிது. வில்லையாகக் கொடுத்தால் நாவு காட்டிக்கொடுக்கும். குடலில் கரையும் உறைமாத்திரையாகக் கொடுத்தால் நாவின் விளைவு கணக்கிலிருந்து கழன்றுவிடும். அப்போது மிஞ்சுவது இலையின் மற்ற வேலை மட்டுமே. தரமணி எலிகள் கிளப்பிவிட்ட கேள்வியும் அதைப் பற்றியதுதான்.